கல்லட்டிப் பெண்ணுக்கு ஒரு வக்காலத்து

சித்தூரில் அக்கா வீட்டுக் கூடம். மாங்காய் சீசன் முடிகிற நேரம். கூழ் ஃபேக்டரிக்குப் போன கடைசி லோடின் கணக்கைப் பார்த்து முடித்துவிட்டு மாமா ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்த அக்கா மகள், "சித்தி, இங்க பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினாள். வெள்ளைக்காரத் தோற்றத்தில் ஒரு பெண் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். வகுப்பில் உட்கார்ந்து படித்த தமிழ் இல்லை அது. குழந்தையாக இருக்கும்போதே காதில் விழுந்து நாக்கில் ஏறிய தமிழ். நடிகை கல்கி கோச்லின்.

மாமா ஒரு கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளத் தோலு. அது ஒண்ணு இருந்தா போதும், சினிமாக்காரங்க கதவத் தொறந்து வெச்சிருவாங்க." அக்கா மகள் விடவில்லை. "தொறந்து என்னப்பா ஆச்சு? அவார்டு படமாப் பண்ணி ஒண்ணும் பெரிசா வரலியே." சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "எங்கயோ ஃபிரான்ஸ்காரி. நமக்கென்னடி அவ வந்தா, வராட்டி?"

மூன்று பேர், மூன்று தீர்ப்பு. ஒன்றும் எங்கள் வீட்டில் பிறந்தது இல்லை. கல்கியின் பேச்சு எடுத்த இடத்திலெல்லாம் பல வருடங்களாக இந்த மூன்றையும்தான் கேட்டுவருகிறேன்: அவர் அந்நியர், தோலால் வாய்ப்புப் பெற்றவர், வாய்ப்பு இருந்தும் கலைப்படம் என்று போய் வீணானவர். ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று குற்றச்சாட்டுகள் ஒரே பெண்ணின் மேல் விழுகின்றன. அன்று நான் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதில் இது. மூன்றுமே தவறு என்பது என் வாதம். அதற்கும் மேலே ஒன்று உண்டு. இதில் தோற்றவர் கல்கி அல்ல. தமிழ் பேசத் தெரிந்த ஒரு நல்ல நடிகையைத் தன் வாசலிலேயே வைத்துக்கொண்டு அடையாளம் தெரியாமல் இருந்த தமிழ் சினிமாதான் தோற்றது.

அக்காவின் வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

கல்கி 1984 ஜனவரி 10 அன்று புதுச்சேரியில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பிரெஞ்சுக்காரர்கள். அரவிந்தரின் வழியில் பற்றுக்கொண்டு இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள். ஆரோவில்லில் கொஞ்ச காலம் இருந்த பிறகு குடும்பம் ஊட்டிக்குப் பக்கத்தில் கல்லட்டிக்குப் போனது. மசினகுடி மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பேர்போன அதே கல்லட்டி. அங்கே தமிழும் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து பேசி வளர்ந்தார். ஊட்டியில் பள்ளிப் படிப்பு. பதினெட்டு வயதுக்கு மேல் லண்டன் போய், கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் நாடகம் படித்தார். படிப்பு முடிந்ததும் இந்தியாவுக்கே திரும்பினார். பத்தாவது அவதாரத்தின் பெயரைத் தன் பெண்ணுக்கு வைத்த ஒரு வீடு, இந்த மண்ணோடு தன்னை எவ்வளவு கட்டிக்கொள்ள நினைத்தது என்பதைப் பெருமாளின் அடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிரெஞ்சு பேசுவதாலேயே ஒருவர் தமிழ் நிலத்துக்கு வெளியே போய்விடுவாரா? புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. சட்டப்படி முழுமையாக நம்மோடு சேர்ந்தது 1962-இல்தான். அந்த ஊரில் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த தமிழர்களைச் 'சொல்தா' என்று அழைத்தார்கள். அந்த வீட்டுக் கிழவிகள் பேரனைத் தமிழில் திட்டிவிட்டுப் பிரெஞ்சில் கொஞ்சினார்கள். தெருப் பலகையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் 'ரூ' என்று தொடங்கும் பிரெஞ்சு. அந்தக் குடும்பங்களைப் பார்த்து 'நீங்கள் தமிழர்தானா' என்று நாம் கேட்டதில்லை. பிரெஞ்சு மொழி நம் கடற்கரையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த மொழி. அதைப் பேசுகிற நடிகை ஒருவர் புதுச்சேரியிலிருந்து வருவதில் அதிசயம் எதுவும் இல்லை. இத்தனை நாளாக வேறு ஒருவரும் வராததுதான் அதிசயம்.

அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததுதான் எனக்கு வலித்தது. ஏனென்றால் 'நீ எந்த ஊர்' என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்க வாங்கிக்கொண்டவர்கள் நாங்கள்.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்துச் சேர்த்து உருவாக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது எங்கள் ஊர் அந்தப் பக்கம் போனது. திருப்பதி யாருக்கு என்று ம.பொ.சி. போராடிய காலம் அது. எல்லைப் பேச்சு நீண்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. கோடு நகர்ந்தது, வீடுகள் நகரவில்லை. வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். சென்னைக்குப் போனால், "நீங்க தெலுங்குக்காரங்களா?" என்பார்கள். விஜயவாடாவுக்குப் போனால், "மீரு அரவவாள்ளா?" என்பார்கள். இரண்டு ஊரிலும் பதில் சொல்லிச் சொல்லி எங்கள் வாய் சலித்துப்போனது. பிறந்த இடமும் பேசும் நாக்கும் போதாதா, இன்னும் என்ன சான்றிதழ் வேண்டும் என்று எத்தனை முறை மனசுக்குள் கேட்டிருப்போம்? அதே கேள்வியைக் கல்லட்டியில் வளர்ந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து நாமே கேட்கலாமா?

எங்கள் மண்ணுக்குப் பழக்கமான பண்பு வேறு. மார்கழி பிறந்துவிட்டால் திருமலையில் சுப்ரபாதம் நின்று திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு நாட்டின் மலையை விடியலில் எழுப்புவது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணின் தமிழ். பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு 1919 பிப்ரவரியில் தாகூர் வந்து தங்கினார். அவருடைய 'ஜன கண மன' அங்கேதான் ஆங்கிலமானது. அங்கேதான் அதன் மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பும் எழுதப்பட்டது. எழுதியவர் மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்தில் பிறந்த பெண். பள்ளிக்கூடத்து மைதானத்தில் நிமிர்ந்து நின்று நாம் பாடும் தேசிய கீதத்தின் கதையில், எங்கள் மாவட்டத்தில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கையும் இருக்கிறது. அந்தக் கை அந்நியம் என்று எவரும் சொல்லவில்லை.

இனி மாமாவின் தீர்ப்பு.

மாமா சொன்னதில் ஒரு பாதி உண்மை, அதை மறைக்கமாட்டேன். வெளுத்த தோலுக்கு இந்த நாட்டில் மரியாதை அதிகம். பெண் பார்க்கப் போகும் வீட்டிலிருந்து விளம்பரப் பலகை வரைக்கும் அந்த நோய் பரவியிருக்கிறது. கறுத்த பெண்களுக்கு நம் சினிமா செய்த அநியாயம் சின்னது இல்லை. ஆனால் 'தோல்தான் கல்கிக்குக் கதவைத் திறந்தது' என்பது வேறு கூற்று. அதை உரசிப் பார்க்க வழி இருக்கிறது. தோல்தான் சாவி என்றால், வெளுத்த தோலை மற்ற எவரையும்விட அதிகமாக விரும்புகிற தமிழ் சினிமாவின் கதவுதானே அவருக்கு முதலில் திறந்திருக்க வேண்டும்? மொழியும் தெரியும். ஊரும் பக்கத்தில். என்ன நடந்தது?

2010-இல் 'மதராசபட்டினம்' வந்தது. ஆங்கிலேய ஆளுநர் மகளாக எமி ஜாக்சன் நடித்தார். பிரிட்டனிலிருந்து வந்த பெண் பிரிட்டிஷ்காரப் பெண்ணாக நடிப்பது பொருத்தம்தான். அதோடு நிற்கவில்லை. 2015-இல் 'ஐ' படத்தில் அவர் இந்திய மாடல் அழகி தியா. 2016-இல் 'தெறி' படத்தில் மலையாள டீச்சர் ஆனி. தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை, இன்னொருவர் குரல் கொடுத்தார். கூந்தல் நிறத்தை மாற்றி, புடவை கட்டி, கேரளத்துப் பெண் என்று சொன்னபோது நாம் ஏற்றுக்கொண்டோம். எமி ஜாக்சனிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கொடுத்த வேலையை உழைத்துச் செய்தவர். என் கேள்வி கொடுத்தவர்களிடம். அதே ஆண்டுகளில் புதுச்சேரியில் பிறந்த, தமிழ் பேசுகிற, தேசிய அளவில் பேர் வாங்கிய ஒரு நடிகை இங்கே இருந்தார். அவருக்கு ஒரு டீச்சர் வேடம்கூட நினைவுக்கு வரவில்லை. 'ரசிகர்கள் அந்த முகத்தை ஏற்கமாட்டார்கள்' என்ற பேச்சுக்கு இதோடு ஆயுள் முடிந்தது. ரசிகர்கள் ஏற்றார்கள். முகத்தை மட்டும் கேட்டவர்களுக்கு ஒரு முகம் கிடைத்தது. முகத்தோடு நாக்கும் நடிப்பும் சேர்ந்து வந்தவர் வெளியே நின்றார்.

மும்பையிலும் தோல் அவருக்குத் தடையாகத்தான் முதலில் வந்து நின்றது. 'தேவ் டி' படத்துக்கு ஆள் தேடியபோது இயக்குநர் அனுராக் காஷ்யப் அவரை முதலில் வேண்டாம் என்றே நினைத்தார். நடிப்புத் தேர்வின் பதிவைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். அப்போது கல்கிக்கு இந்தி சரளமாக வராது. கற்றுக்கொண்டு நடித்தார். 2009-இல் படம் வந்தது. சந்தா வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. முதல் படத்திலேயே, தனக்கு நான்காவதாக வந்த ஒரு மொழியில் நடித்து வாங்கிய விருது அது. அதைத் தோலின் கணக்கில் எழுதுவது உழைப்பைத் திருடுவது.

"இயக்குநரைக் கட்டிக்கிட்டாங்க, அதான்" என்று இன்னொரு பேச்சும் உண்டு. நடிகைகள் மேல் மட்டும் வைக்கப்படும் பழி இது. தேதிகளே பதில் சொல்லும். திருமணம் 2011-இல். காஷ்யப் இயக்கிய முழுநீளப் படங்களில் கல்கி முக்கிய வேடம் ஏற்றவை இரண்டு, 'தேவ் டி'யும் 'தட் கேர்ல் இன் எல்லோ பூட்ஸ்' படமும். இரண்டுமே திருமணத்துக்கு முன்பே எடுக்கப்பட்டவை. இரண்டாவது படத்தின் திரைக்கதையில் கல்கியும் சேர்ந்து எழுதினார். 2010-இல் வெனிஸ், டொராண்டோ விழாக்களுக்குப் போன படம் அது. அதற்கும் முன்னால், 2009-இல், பிரசாந்த் பிரகாஷோடு சேர்ந்து எழுதிய 'ஸ்கெலிடன் உமன்' நாடகத்துக்கு 'இந்து' நாளிதழின் மெட்ரோபிளஸ் நாடக ஆசிரியர் விருது வந்திருந்தது. எழுதத் தெரிந்த பெண்ணை யாரோ ஒருவரின் மனைவி என்று சுருக்குவது எழுத்துக்கே அவமானம்.

தோல் பற்றிய பேச்சில் இன்னொரு பெயரைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. அர்ச்சனா. பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் சென்னையில் சின்னதாக ஒரு வீடு கட்டப் போராடும் சுதாவாக நடித்தார். அதற்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. அடுத்த ஆண்டே நரசிங் ராவின் தெலுங்குப் படமான 'தாசி'க்கு மீண்டும் அதே விருது. தமிழுக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று. இரு மொழிக்கும் நடுவே வாழும் எங்களுக்கு இதைவிடச் சொந்தமான நடிகை யார்? கறுத்த நிறம், தீர்க்கமான கண்கள், நிஜமான முகம். அவரையும் நம் பெரும்படங்கள் தள்ளியே வைத்தன. ஒருவர் அதிகம் கறுப்பு, இன்னொருவர் அதிகம் வெள்ளை. 'கதாநாயகி' என்று வார்த்துவைத்த அச்சில் இருவருமே அடங்கவில்லை. கறுத்த பெண்ணுக்கு நடந்த அநியாயத்துக்கு வெளுத்த பெண்ணைப் பழித்து ஈடு கட்ட முடியாது. இருவரையும் வெளியே நிறுத்தியது ஒரே அச்சுதான். கோபம் அதன் மேல் திரும்பட்டும்.

மூன்றாவது, என் அக்கா மகளின் தீர்ப்பு. 'பெரிசா வரலியே.'

இளம்பெண் சொன்னதால் இது எனக்கு அதிகம் உறைத்தது. எது பெரிது என்பதற்கு அவளிடம் ஓர் அளவுகோல்தான் இருந்தது: போஸ்டரில் நாயகனுக்குப் பக்கத்தில் எத்தனை முறை நின்றார் என்பது. அந்த அளவுகோலாலேயே முதலில் அளப்போம். 2011-இல் 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா'வில் நதாஷா. 2013-இல் 'யே ஜவானி ஹை திவானி'யில் அதிதி. இரண்டும் நாடெங்கும் ஓடிய பெரிய வெற்றிகள். கவனிக்க வேண்டியது அந்தப் பெயர்கள். வேடிக்கையும் சண்டையும் கல்யாணமும் நிறைந்த ஜனரஞ்சகப் படங்களில், அவர் பாட்டுக்கு ஓர் இந்தியப் பெண்ணாக வந்து போகிறார். 'இவள் ஏன் இப்படி வெளுப்பாக இருக்கிறாள்' என்று விளக்கம் சொல்லக் கதை நிற்கவில்லை. கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

இன்னொரு பக்கம், அவருடைய முகத்துக்கென்றே எழுதப்பட்ட வேடங்களும் நிறைய. 'எல்லோ பூட்ஸ்' ரூத், அப்பாவைத் தேடி மும்பைக்கு வந்த பிரிட்டிஷ்காரப் பெண். கொங்கணா சென் சர்மாவின் 'எ டெத் இன் த கஞ்ச்' படத்தில் மெக்ளஸ்கிகஞ்ச் ஊரின் ஆங்கிலோ இந்தியப் பெண். 'கோல்ட்ஃபிஷ்' படத்தில், மறதி நோயில் கரைந்துகொண்டிருக்கும் தாயிடம் திரும்பி வரும் லண்டன் மகள். தாயாகத் தீப்தி நவல். இந்த வேடங்களையெல்லாம் அடுக்கிப் பார்த்தால், எந்த ஊருக்கும் முழுசாகச் சொந்தமில்லாத பெண்களின் ஒரு வரிசை தெரியும். இந்திய சினிமாவில் இந்த வரிசைக்கு வேறு உரிமையாளர் இல்லை. வீட்டிலேயே விருந்தாளியாக இருப்பவளின் தவிப்பை இவ்வளவு நாள் இவ்வளவு விதமாகக் காட்டியவர் இவர் ஒருவர்தான். ஒரு நடிகை தனக்கென்று ஒரு நிலத்தை உண்டாக்கியிருக்கிறார். அதை 'ஒண்ணும் வரல' என்று எப்படிச் சொல்வது?

அந்த நிலத்தின் உச்சி 'மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா'. ஷோனாலி போஸ் இயக்கி 2014-இல் டொராண்டோ விழாவில் முதலில் திரையிடப்பட்ட படம். மூளை முடக்குவாதம் உள்ள லைலா என்ற டில்லிக் கல்லூரி மாணவி கல்கி. சக்கர நாற்காலி, இழுத்து இழுத்து வரும் பேச்சு, கட்டளைக்கு அடங்காத கை. இயக்குநரின் உறவினரான மாலினி சிப் அந்த உடல்நிலையோடு வாழ்ந்து எழுதுகிறவர். அவரோடு பழகி, பேச்சையும் அசைவையும் கற்றுக்கொண்டார் கல்கி. இந்த வேடத்துக்காக 63-வது தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது.

அதில் ஒரு காட்சி. கல்லூரிகளுக்கு இடையே பாட்டுப் போட்டி. லைலா எழுதிய பாட்டுக்கு முதல் பரிசு. மேடையில் பரிசு கொடுக்கும் நடுவர் அம்மாள், பாட்டை எழுதியவள் மாற்றுத்திறனாளிப் பெண் என்று தெரிந்ததும் இந்தக் கல்லூரிக்குத்தான் பரிசு என்று முடிவெடுத்தோம் என்கிறார். பாராட்டுவதாக நினைத்துத்தான் சொல்கிறார். லைலாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்குகிறது. கண் அசையாமல் நிற்கிறது. வார்த்தை வரவில்லை. நடுங்கும் கையைத் தூக்கி, நடுவிரலைக் காட்டுகிறாள்.

இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்: 'உனக்குக் கிடைத்தது உன் பாட்டுக்காக இல்லை, உன் உடம்புக்காக' என்று ஒரு கலைஞரிடம் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை! 'உனக்குக் கிடைத்தது உன் தோலுக்காக' என்கிற நாமும் அந்த மேடையில்தான் நிற்கிறோம். லைலாவின் அந்தக் கை நம் பக்கமும் திரும்பியிருக்கிறது.

மாற்றுத்திறனாளியின் வேடத்தை அந்த உடலோடு வாழும் ஒரு நடிகைக்கே கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட நடிகைகளுக்குப் பயிற்சியும் வாய்ப்பும் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தக் கேள்வி சினிமா என்கிற அமைப்பை நோக்கியது. கல்கியின் நடிப்பில் பழுது கண்டு எழுந்த கேள்வி அல்ல.

அவரோடு வேலை செய்தவர்களையும் பார்க்க வேண்டும். ஜோயா அக்தர், ஷோனாலி போஸ், 'வெயிட்டிங்' எடுத்த அனு மேனன், கொங்கணா சென் சர்மா. கொச்சி மருத்துவமனையில் நினைவிழந்த கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணாக, நசிருதீன் ஷாவுக்கு எதிரே ஒரு படம் முழுக்க நிற்க வைத்தவர் அனு மேனன். பெண் இயக்குநர்கள் வரிசையாக ஒரு நடிகையைத் தேடி வருகிறார்கள் என்றால், அவரிடம் அழகுப் பொம்மைக்கு மேல் ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டதால்தான். தமிழில் பெண் இயக்குநர்கள் எத்தனை பேர் தொடர்ந்து படம் எடுக்க முடிகிறது என்று எண்ணிப் பார்த்தால், இங்கே அவருக்கு வேடம் வராததன் காரணத்தில் ஒரு பங்கு விளங்கிவிடும்.

'அவார்டு படம்' என்று நாம் இழுத்துச் சொல்கிற தொனிக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தப் படங்களைப் பார்க்க நமக்கு இடமே இல்லை. பிரான்சில் 1946-இல் தேசியத் திரைப்பட மையம் அமைத்தார்கள். விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு பங்கு மீண்டும் படம் எடுக்கவே போகிறது. கலைப்படங்களைக் காட்டும் தியேட்டர்களை அரசே அடையாளம் கண்டு உதவுகிறது. அதனால் அந்நாட்டு நடிகை இசபெல் யுப்பேர் அறுபது வயதைத் தாண்டி 'எல்' படத்தில் நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரை போக முடிந்தது. கலைப்பட நடிகை என்று அவரை அங்கே ஒதுக்கவில்லை, பெரிய நடிகை என்றுதான் சொல்கிறார்கள். திருப்பதியில் பெரிய நாயகன் படம் வந்தால் விடிகாலைக் காட்சிக்கே தியேட்டர் வாசல் நிறைந்துவிடும். 'மார்கரிட்டா' மாதிரிப் படத்துக்கு எந்த வாசல்? கைப்பேசித் திரைதான். சந்தைக்கே வராத காயைப் பார்த்து 'விலைபோகவில்லை' என்று சொல்வது எந்தக் கணக்கு? தோப்பு வைத்திருக்கிற மாமாவுக்கு இது நன்றாகவே தெரியும்.

இப்போது தமிழ் சினிமாவிடம் வருகிறேன்.

வெளியார் என்று பார்த்து ஒதுக்குவது தமிழ் சினிமாவின் பழைய குணம் இல்லை. எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர். தமிழ் தெரியாது. 1936-இல் 'சதிலீலாவதி'யை இயக்கினார், எம்.ஜி.ஆரின் முதல் படம். 1950-இல் 'மந்திரி குமாரி' வரை இங்கேயே படம் எடுத்தார். 1945-இல் அவர் இயக்கிய 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமியோடு ராணாவாக நடித்தவர் சித்தூர் வி. நாகையா. எங்கள் ஊர் பெருமையோடு சொல்லும் பெயர். அவர் பிறந்தது ரேபல்லையில். சித்தூரில் நாடகம் ஆடிப் பேர் வாங்கினார், ஊர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தெலுங்கில் போத்தனாவாகவும் தியாகய்யராகவும் நடித்தவர், தமிழிலும் அதே மரியாதையோடு நடித்தார். பிறக்காத ஊரை ஒருவர் பெயருக்கு முன்னால் வைத்துக் கொண்டாடியவர்கள் நாம். பிறந்த ஊரையே ஒரு பெண்ணிடமிருந்து பறிக்க எப்போது கற்றுக்கொண்டோம்?

தமிழில் கல்கிக்கு இதுவரை கிடைத்ததைப் பாருங்கள். 2019-இல் 'நேர்கொண்ட பார்வை'யில் ஒரு பாட்டு. 2020-இல் 'பாவக் கதைகள்' தொகுப்பில் விக்னேஷ் சிவன் எடுத்த 'லவ் பண்ணா உட்றனும்' பகுதி. அதில் அவர் பெயர் பெனலோப்பி. கிராமத்துக்கு வந்து சேரும் வெளியாள். 2025-இல் 'நேசிப்பாயா'வில் வழக்கறிஞர். அது ஓர் அடி முன்னேற்றம், வரவேற்கிறேன். ஆனாலும் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். இந்தி அவரை அதிதி என்றும் நதாஷா என்றும் கூப்பிட்டது. அவர் குழந்தையிலிருந்து பேசிய தமிழ்தான் அவரைப் பெனலோப்பி என்று கூப்பிட்டது. தாய்வீட்டிலேயே பெயரை மாற்றிக் கூப்பிட்டால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

நான் கேட்பது சலுகை இல்லை, ஒரு வேடம். மலைப்பாதையில் ஓடும் பேருந்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போடுகிற ஊட்டி நர்ஸ். புதுச்சேரி நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்கு வந்துபோகிற வீட்டுக்காரி. எங்கள் சித்தூருக்குக் கல்யாணம் ஆகி வந்து, மாமியாரிடம் தெலுங்கு கற்றுக்கொண்டு, பிள்ளைகளைத் தமிழில் அதட்டுகிற மருமகள். 'இவள் ஏன் வெளுப்பாக இருக்கிறாள்' என்று கதையில் யாரும் கேட்கக் கூடாது. அவள் பாட்டுக்கு வாழட்டும். எங்கள் தோப்பில் காய்க்கும் அந்த நீண்ட மாங்காயை இங்கே பெங்களூரா என்கிறோம். தமிழ்நாட்டில் அதுவே கிளிமூக்கு, வடக்கே தோத்தாபுரி. பெயர் எந்த ஊரைச் சொன்னாலும் காய் வேர்விட்ட மண்ணின் ருசிதான் அதில் இருக்கும். அதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

'ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள்' என்று இன்னும் சொல்லப்போகிறவர்களுக்காக, அதே கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அக்கா மகள் 'மார்கரிட்டா'வைத் தேடி எடுத்து டிவியில் போட்டாள். மாமா பாதியில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். லைலாவின் அம்மாவாக வருகிறவர் ரேவதி. 'மண் வாசனை'யிலிருந்து மாமா பார்த்துவரும் ரேவதி. மகளைக் குளிப்பாட்டி, தலை வாரி, வண்டியில் ஏற்றிக் கல்லூரியில் கொண்டுவிடுகிற அந்த அம்மாவைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா கையில் வெற்றிலையோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. லைலா நியூயார்க்குக்குப் படிக்கப் போன இடத்தில், மாமா அக்காவின் பக்கம் திரும்பி, கவலையோடு கேட்டார்:

"ஏம்மே, ரேவதி பொண்ணு அங்க தனியா எப்படிச் சமாளிக்கும்?"

வெள்ளைத் தோல் என்று சாயங்காலம் சொன்ன அதே மாமா. 'ரேவதி பொண்ணு' என்றார்.